சிறப்புத் தமிழுக்கு ஒரு சின்னக் கல்யாணம்

அனுப்புநர்: திண்டிவனத்தில் கல்யாணப் பத்திரிகை அடிப்பவன்
பெறுநர்: பள்ளிக் கல்வித் துறை, பேராசிரியர் அன்பழகன் கல்வி வளாகம், சென்னை
பொருள்: சிறப்புத் தமிழ்ப் பாடத்தை எளிய முறையில் நடத்திவைக்க வேண்டுதல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

எல்லாரும் படிக்கும் பொதுத் தமிழுக்கு மேலே, ஆசைப்பட்டவர்கள் ஆழமாகப் படிக்கட்டும் என்று மேல்நிலை வகுப்பில் சிறப்புத் தமிழ் வைத்திருக்கிறீர்கள். புத்தகமும் போட்டாயிற்று. எங்கள் தொழில் பாஷையில், பத்திரிகை அச்சாகிவிட்டது, முகூர்த்தம்தான் குறிக்கவில்லை.

எங்கள் தெருப் பெண் ஒருத்தி ஒரு பள்ளிக்குப் போய் இந்தப் பாடத்தைக் கேட்டாள். மேசையில் இருந்தவர் விண்ணப்பத்திலிருந்து தலையைத் தூக்காமல், "ஸ்ட்ரென்த் வராதும்மா, கம்ப்யூட்டர் சயின்ஸ் எடு" என்றார். எத்தனை பேர் வந்தால் ஸ்ட்ரென்த் என்று கேட்டாள். "நீ ஒருத்திதானே கேக்கற?" என்றார். அதையாவது தமிழில் சொன்னாரே!

கூட்டத்தின் அருமையை எங்கள் மாவட்டத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். விழுப்புரத்தில் கல்யாணம் என்றால் சாலை நெடுக டிஜிட்டல் பேனர், மண்டபத்தில் பந்திமேல் பந்தி, மொய் நோட்டுக்குத் தனி ஆள். கடன் அடைவதற்குள் பேரப்பிள்ளை பள்ளிக்கூடம் போய்விடும். ஆனால் 2020 ஊரடங்கில் 50 பேருக்கு மேல் கூடாது என்று அரசு சொன்னபோது மூக்கைச் சிந்தியவர்களே, கணக்குப் பார்த்துவிட்டு உள்ளுக்குள் சிரித்தார்கள். இப்போது நூறு பத்திரிகை போதும் என்கிறார்கள். என் பிழைப்பில் மண், அது கிடக்கட்டும். மயிலம் மலையில் முருகன் சன்னிதியில் தாலி கட்டி, கீழே இறங்கி டிபன் சாப்பிட்டு, கடன் இல்லாமல் வீடு திரும்பும் ஜோடிகளைப் பார்த்தால் எனக்கே பொறாமையாக இருக்கிறது.

அதே மயிலத்தில் 1938-லேயே ஆதீனம் தமிழ்க் கல்லூரி தொடங்கியது. திண்டிவனம் ரோசணையில் தாய்த்தமிழ்ப் பள்ளி இருக்கிறது. மழலைக்குத் தமிழ் உண்டு, பட்டத்துக்கும் உண்டு. இடையில் பதினாறு வயதுக்கு மட்டும் ஸ்ட்ரென்த் இல்லை.

கல்யாணத்துக்கே கூட்டம் வேண்டாம் என்கிறது சட்டம். இந்துத் திருமணச் சட்டத்தில் 1967-இல் அண்ணா அரசு கொண்டுவந்த 7ஏ பிரிவை எடுத்துப் பாருங்கள். புரோகிதர் வேண்டாம். உறவோ நட்போ உடனிருக்க, மாலை மாற்றலாம், மோதிரம் போடலாம், தாலி கட்டலாம். தங்களுக்குப் புரிகிற மொழியில் ஒருவரை ஒருவர் ஏற்பதாகச் சொன்னாலும் கல்யாணம்தான். ஊரைக் கூட்டி அறிவிக்க வேண்டியதில்லை என்று 2023-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆயுள் பந்தத்துக்கு இரண்டு பேர் போதும், இரண்டு வருடப் பாடத்துக்குத் தலை எண்ண வேண்டுமா? ஒரு பிள்ளை, ஒரு ஆசிரியர், கணக்கு சரியாகத்தானே வருகிறது? மண்டபமும் உங்களுடையது.

அரசு வேலைக்குத் தமிழ்த் தாளில் 40 விழுக்காடு எடுத்தே ஆக வேண்டும் என்று 2021-இல் ஆணை வந்தது. நல்ல ஆணை. குறைந்தபட்சத் தமிழுக்கு இவ்வளவு கறார் காட்டும் அரசு, கூடுதலாகக் கேட்கிற பிள்ளையைக் கண்டால் மட்டும் கையைப் பிசைகிறது.

பள்ளிக்குப் பள்ளி கேட்கவில்லை. விழுப்புரத்தில் ஒன்று, திண்டிவனத்தில் ஒன்று. சுற்றுவட்டாரப் பிள்ளைகள் வந்துவிடுவார்கள், பஸ் பாஸ் இலவசம்தான்.

அந்தப் பெண் இப்போது கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர்ந்திருக்கிறாள். ஆணை வந்தால் மாற்றிவிடலாம் என்கிறார் அப்பா. அம்மாவிடம் இன்னும் பேசவில்லையாம். சீக்கிரம் அனுப்பினால் அவர் பேசுவார்.

இப்படிக்கு,
பத்திரிகை அடிப்பவன்