படப்பத்து: மூலமும் உரையும்

எட்டுத்தொகையுள் ஒன்றான பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம் பத்தும் கிடைக்கவில்லை. 1904இல் உ.வே.சாமிநாதையர் அதைப் பதிப்பித்தபோது நடுவிலிருந்த எட்டுப் பத்துகளே அச்சேறின. என் பெரியப்பா தமக்குப் பிடித்த தமிழ்ப் படங்களை ஆண்டுக்கு ஒன்றாக 1980 முதல் 1989 வரை எழுதிவைத்த பட்டியலிலும் முதல் வரியும் கடைசி வரியும் சிதைந்துள்ளன. நடுவிலுள்ள எட்டு வரிகள் நலமாக இருக்கின்றன. இந்த ஒற்றுமையைத் தமிழுலகம் இன்னும் கவனிக்கவில்லை.

ஏட்டின் வரலாறு சுருக்கமானது. ஆசிரியர் மதுரைக்கு மேற்கே ஒரு சிற்றூரில் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதியவர். எனவே பட்டியல் பேரேட்டுத் தாள் ஒன்றில், கோடு போட்ட பத்திகளோடு எழுதப்பட்டுள்ளது. பரணில் பித்தளை அண்டாவுக்குள், பத்திரங்களுக்கும் பழைய மின்கட்டண அட்டைகளுக்கும் நடுவே கிடந்தது. மேல் விளிம்பைப் பூச்சி அரித்திருக்கிறது. கீழ் விளிம்பு கிழிந்திருக்கிறது. கிழித்தது பூச்சியன்று என்பது மட்டும் உறுதி.

பதிற்றுப்பத்தின் ஒவ்வொரு பாட்டுக்கும் துறை, வண்ணம், தூக்கு, பெயர் என்று நான்கு குறிப்புகள் உண்டு. அவை நம் ஆசிரியரிடமும் வழுவாமல் இருக்கின்றன. துறை என்பது அமர்ந்த இடம்: தரை, பெஞ்சு, சேர். வண்ணம் என்பது இடைவேளையில் குடித்த கலர். தூக்கு என்பது கடலையின் எடை. பெயர் என்பது உடன் வந்தவர். பழைய நூலின் பதிகங்கள் புலவர் பெற்ற பரிசிலையும் சொல்லும். காப்பியாற்றுக் காப்பியனாருக்கு நாற்பது நூறாயிரம் பொன் கிடைத்தது. நம் ஆசிரியர் பரிசில் பெற்றவர் அல்லர், கொடுத்தவர். அது பற்றுப் பத்தியில் காசு கணக்காக இருக்கிறது.

1980ஆம் ஆண்டுக்கு எதிரே பூச்சி விட்டுவைத்தது ஒரே ஓர் எழுத்து: ‘க்’. இந்த ஒற்றைக் கொண்டு அவ்வாண்டுப் படங்களைச் சலித்தேன். ‘ஜானி’ போயிற்று, ‘நிழல்கள்’ போயிற்று, ‘வறுமையின் நிறம் சிவப்பு’ போயிற்று. வடிகட்டி நின்றவற்றுள் கருதத்தக்கவை இரண்டு. ஒன்று மகேந்திரனின் ‘நெஞ்சத்தைக் கிள்ளாதே’, மற்றொன்று எஸ்.பி.முத்துராமனின் ‘முரட்டுக்காளை’. முன்னது தமிழின் சிறந்த படமென்று தேசிய விருது பெற்றது. ஒளிப்பதிவுக்காக அசோக்குமாருக்கும் விருது வாங்கித் தந்தது. பின்னதில் ரஜினிகாந்த் ஓடும் ரயிலின் மேல் சண்டை போடுகிறார், அதுவரை நல்லவராகவே இருந்த ஜெய்சங்கர் வில்லனாக வருகிறார். எது என்று முடிவு செய்யாமல் உரை நகராது.

இங்கே இலக்கணம் கைகொடுக்கிறது. ஆசிரியர் வல்லினம் மிகும் இடங்களில் ஒற்றிடும் வழக்கம் இல்லாதவர். தூக்குப் பத்தியில் எட்டு இடங்களிலும் ‘வேர்கடலை’ என்றே எழுதுகிறார். அப்படிப்பட்டவர் இரண்டாம் வேற்றுமை உருபுக்குப் பின் மட்டும் திடீரென்று விழிப்படைந்து ‘நெஞ்சத்தைக்’ என்று எழுதியிருப்பாரா? ஆகவே அவர் வாயில் ஒரே சொல்லாகவே வழங்கிய ‘முரட்டுக்காளை’தான் பாடம் என்க. ‘முரட்டு காளை’ என்றும் அவர் எழுதியிருக்கலாமே என்பாரும் உளர். படம் 1980 டிசம்பரில் வந்தது. சங்கத்தில் போனஸ் கொடுத்தது அதற்குச் சற்று முன், தீபாவளிக்கு. போனஸ் வாங்கிய இருபத்திரண்டு வயதுக் கணக்கர் மென்சோகத்தைத் தேடிப் போகமாட்டார்.

1981 சிக்கலற்றது. ‘தில்லு முல்லு’ என்று தெளிவாக இருக்கிறது. மீசை வைத்தவன்தான் யோக்கியன் என்று நம்பும் முதலாளியிடம், மீசையில்லாத தம்பி ஒருவன் தனக்கு இருப்பதாகக் கதைகட்டும் ஊழியனின் படம். இந்தி ‘கோல்மால்’ வழி வந்தது. பெயர்ப் பத்தியில் ‘செயலாளர்’ என்று உள்ளது. தம் மேலதிகாரியை இந்தப் படத்துக்கு அழைத்துப்போன துணிவு போற்றத்தக்கது. அவ்வாண்டுக் குழுப்படத்தில் ஆசிரியருக்கு மீசை இருக்கிறது.

1982இல்தான் உரைகாரனுக்கு வேலை. முதலில் பிரில் மையில் ‘சகலகலா வல்லவன்’ என்று எழுதி, அதை அடித்து, மேலே பந்துமுனைப் பேனாவால் ‘மூன்றாம் பிறை’ என்று எழுதியிருக்கிறார். ஏவி.எம். எடுத்த முன்னதன் புத்தாண்டுப் பாட்டு, இன்றும் டிசம்பர் 31 நள்ளிரவில் ஒலிபெருக்கியுள்ள தெருவெல்லாம் ஒலிக்கிறது. பின்னது நடிப்புக்காகக் கமல்ஹாசனுக்கும் ஒளிப்பதிவுக்காகப் பாலு மகேந்திராவுக்கும் தேசிய விருது கொடுத்தது. ரசனை முதிர்ந்தது என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் அதே தாளின் பின்புறம் அதே பந்துமுனை மையில் ‘குத்துவிளக்கு 2, பாய் 1, கட்டில் கேட்க வேண்டாம்’ என்று ஒரு குறிப்பு உள்ளது. அது சீர்வரிசைப் பட்டியல். பெண் வீட்டில் மூத்த அண்ணன் மதுரையில் ஒரு திரைப்படச் சங்கத்தில் உறுப்பினராக இருந்தவர். எனவே ரசனை முதிர்ந்த நாள் 1983 வைகாசிக்குச் சற்று முன்னர் என்று கணிக்க முடிகிறது. இரண்டு படத்திலும் நாயகர் கமலே என்பதால் இந்தத் திருத்தத்தைக் கட்சி மாறல் என்று கொள்ளல் ஆகாது.

1983: ‘முந்தானை முடிச்சு’. பெயர்: ‘வீட்டுல’. வண்ணம் இரண்டாகிறது. பக்கவெளியில் ‘முருங்கைகாய் 4’ என்று எழுதியிருக்கிறார். இது படத்தைப் பற்றிய விமரிசனமா, மறுநாள் காய்கறிக் கணக்கா என்பதில் இரு கொள்கைகள் உள்ளன. பாக்யராஜின் அந்தப் படத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் எவரும் முருங்கைக்காயை முகம் மாறாமல் கேட்டு வாங்கியதில்லை என்பதால் இரண்டும் ஒன்றே என்பது என் துணிபு. (இங்கும் ஒற்று இல்லாமை காண்க.)

1984: மணிவண்ணனின் ‘நூறாவது நாள்’. மொட்டைத் தலையும் வட்டக் கண்ணாடியுமாகச் சத்யராஜ் வருவது. தூக்கு: ‘100 கிராம், மிச்சம் 90’. எட்டு ஆண்டுகளில் கடலை வீடு திரும்பியது இந்த ஒருமுறைதான். 1985: ‘முதல் மரியாதை’. பெயர்ப் பத்தி வெறுமையாக உள்ளது. ஊர்ப் பெரியவர் ஒருவருக்கு மனைவியிடம் கிடைக்காத மரியாதை பரிசல்காரப் பெண்ணிடம் கிடைப்பது பற்றிய அப்படத்துக்கு ஆசிரியர் ஏன் தனியாகப் போனார் என்று ஆராய்வது குடும்பத்துக்கு உகந்ததன்று. முந்தைய ஆண்டின் கடலைக் குறிப்பே போதும்.

1986: ‘சம்சாரம் அது மின்சாரம்’. பற்றுப் பத்தியில் பேருந்துக்கு ஐந்து பேர் கட்டணம். கூட்டுக்குடும்பம் பிளவுபட்டு, கடைசியில் மூத்த மருமகள் தனிக்குடித்தனமே நல்லது என்று முடிவுசெய்யும் விசுவின் கதையை, தாய் தகப்பனையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்திருக்கிறார். அடுத்த வரியில் மளிகைக் கணக்கு தனியாகத் தொடங்குகிறது.

இனி வருவது காலக்கணிப்பு. 1987க்கு நேரே ‘மௌன ராகம்’ என்றும் 1988க்கு நேரே ‘நாயகன்’ என்றும் இருக்கின்றன. முன்னது 1986 ஆகஸ்டில் வந்த படம், பின்னது 1987 தீபாவளிக்கு வந்தது. அவசரக்காரர் இதைப் பிழை என்பர். துறைப் பத்தியைப் பாருங்கள்: 1986 வரை ‘மதுரை, பெஞ்சு’; அதன்பின் ‘கொட்டகை, தரை’. தனிக்குடித்தனமும் கைக்குழந்தையும் வந்தபின் ஆசிரியர் பேருந்து ஏறவில்லை. ஊர்க் கீற்றுக்கொட்டகைக்குப் புதுப்படம் அன்றைக்கே வராது. அச்சிட்ட பிரதிகள் கொஞ்சம். அவை நகரத்தில் ஓடித் தேய்ந்து, நடுத்தர ஊர்களில் ஓடிக் கீறல் விழுந்து, பிறகே பெட்டியில் ஏறிச் சிற்றூருக்கு வரும். நன்றாக ஓடும் படம் தாமதமாக வரும், ஓடாத படம் ஓடோடி வரும். ஆக, கொட்டகை இருந்த ஊரில் ஆண்டு என்பது பெட்டி வந்த நாளைக் கொண்டு எண்ணப்படுவது. சூரியனைக் கொண்டு எண்ணினால் சௌரமானம், சந்திரனைக் கொண்டு எண்ணினால் சாந்திரமானம். இதைப் பெட்டிமானம் என்று வழங்கலாம்.

பெட்டிமானத்தை நகைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். தேசிய விருதுக் குழுவும் படம் வெளியான ஆண்டைப் பார்ப்பதில்லை, தணிக்கைச் சான்றிதழ் ஆண்டையே பார்க்கிறது. அதனால்தான் 1988இல் திரைக்கு வந்த பாலு மகேந்திராவின் ‘வீடு’, 1987ஆம் ஆண்டுக்கான விருதை ‘நாயகன்’ வாங்கிய அதே மேடையில் வாங்கியது. அரசுக்குச் சான்றிதழ்மானம் இருக்கலாம் என்றால் ஆசிரியருக்குப் பெட்டிமானம் இருக்கக் கூடாதா? வெளியான ஆண்டுப்படி திருத்தினால் 1986க்கு இரண்டு படம் சேர்கிறது, 1988இல் ஆசிரியர் பட்டினி கிடக்கிறார். திருத்தாமல் விட்டேன்.

கொட்டகையில் ஒரே புரொஜெக்டர். ரீல் மாற்ற விளக்கைப் போடுவார்கள். ஒரு படத்துக்கு மூன்று நான்கு இடைவேளை. இதன் விளைவை வண்ணப் பத்தியில் காணலாம்: ‘நாயகன்’ பார்த்த அன்று கலர் 3, பால் 1.

1989ஆம் ஆண்டுக்கு எண் மட்டும் நிற்கிறது, எதிரே தாள் இல்லை. பதிற்றுப்பத்தில் தொலைந்த பாட்டுகள் சிலவற்றைப் புறத்திரட்டும் உரைகளில் வரும் மேற்கோள்களும் காப்பாற்றிக் கொடுத்தன. அந்த நெறிப்படி புறச்சான்று தேடினேன். ‘அபூர்வ சகோதரர்கள்’, ‘வருஷம் பதினாறு’, ‘புதிய பாதை’ என்று அந்த ஆண்டு விளைச்சல் அதிகம். ஆனால் கங்கை அமரனின் ‘கரகாட்டக்காரன்’ மதுரையில் ஓடிய ஓட்டத்தில், அதைப் பார்க்காமல் அந்த ஆண்டைக் கடந்தவர் சுற்றுவட்டாரத்தில் இருக்க வழியில்லை. இரண்டு வாழைப்பழத்தில் ஒன்று எங்கே என்ற கேள்வி இன்னும் எங்கள் ஊர்ப் பஞ்சாயத்துகளில் சான்றாக எடுத்துக்காட்டப்படுகிறது.

உரையை முடிக்கும் நிலையில் ஒரு தடை எழுந்தது. ஆசிரியர் உயிரோடு இருக்கிறார். முன்னறையில்தான் இருக்கிறார். மூலத்தைப் பற்றி மூலவரிடம் கேட்பது உரைமரபில் இல்லை. நச்சினார்க்கினியருக்கு அந்த இடைஞ்சல் இருந்ததில்லை. இருந்தாலும் கேட்டேன்.

“எண்பத்தொம்பதா? அந்த வருசம் நான் படமே பாக்கலடா. டிவி வாங்கியாச்சுல்ல. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அதுலயே போட்டுருவான்.”

“அப்ப அந்த இடத்துல என்ன எழுதியிருந்துச்சு பெரியப்பா?”

“ஒன்னும் எழுதல. காலித்தாளா கெடந்துச்சு, ஆன்டெனா கம்பிக்கு அடை வைக்கக் கிழிச்சேன். கொடைக்கானல் பக்கம் திருப்புனா ஆடிக்கிட்டே இருந்துச்சு.”

இந்தக் கூற்றை ஏற்பதற்கில்லை. முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிற்பட்டது. ஒரே ஒருவர் சொல்வது. பட்டியலில் பத்து வரி இருக்க வேண்டும் என்ற யாப்புக்கும் முரணானது. மேலும், அடுக்களையிலிருந்து பெரியம்மா இதை உடனே மறுத்தார். “ஏன் பொய் சொல்றீங்க? கரகாட்டக்காரனுக்கு என்னையும் புள்ளையையும் கூட்டிட்டு மதுரைக்குப் போகல? பஸ்ஸு கெடைக்காம பெரியார் நிலையத்துலயே விடிஞ்சிச்சே!” பெரியப்பா செய்தித்தாளை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

ஏட்டை மேசையிலேயே வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தபோது 1989க்கு எதிரே, கிழிந்த விளிம்பில் மிஞ்சிய இடத்தில், ஜெல் பேனாவால் ‘கரகாட்டக்காரன், வண்ணம் 3, வேர்க்கடலை’ என்று எழுதப்பட்டிருந்தது. மை காயவில்லை. ‘வேர்க்கடலை’யில் ஒற்று இருக்கிறது.