இரவல் நீலம்

என்ன கண்ணு, சேலத்துல இருந்து வர்றப்ப மலையப் பாத்தியா? கீழருந்து பாத்தா சேர்வராயன் மலை நீலமா நிக்கும். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காட்டுக்கு வந்தா பச்சை. நீலத்த எந்த வளைவுல கழட்டி வெச்சாங்கன்னு கேட்டியா? கேக்க மாட்டே. செல்போன்ல படம் புடிச்சுப் போட்டுட்டு வந்துட்டே.

உனக்கும் மலைக்கும் நடுவுல இருக்கற காத்து பண்ற வேலை அது. வெளிச்சம் பட்டா நீலத்தத்தான் அதிகமா செதற விடும். வானத்துக்கும் இதே கணக்குன்னு 1871-ல எழுதி வெச்சாரு ராலே பிரபு. பெரிய மனுசன். கடலு ஏன் நீலம்னா, வானம் தண்ணியில தெரியுது, அவ்வளவுதான்னுட்டாரு. பெரியவரு சொன்னா ஊரே தலையாட்டும். அப்பறம் யாரு போயி கடலப் பாப்பா?

நம்ம திருச்சிக்காரரு சி.வி.ராமன் பாத்தாரு. 1921-ல ‘நார்குண்டா’ கப்பல்ல மத்தியதரைக் கடல் வழியா ஊருக்குத் திரும்பறாரு. கையில நிக்கோல் பட்டகம். சின்ன சாமான்தான். சரியான சாய்வுல கண்ணுல வெச்சுத் திருப்பினா தண்ணி மேல மின்னற பிரதிபலிப்பு அடங்கிப் போகும். வானத்துகிட்ட வாங்கின இரவல் நீலம்னா, அதோட நீலமும் போயிருக்கணுமில்ல? போகல. இன்னும் கெட்டியாச்சு!

ராமன் சொன்னதும் வேதவாக்கில்ல கண்ணு. காத்து மாதிரியே தண்ணியும் நீலத்த செதற விடுதுன்னாரு. பாதிதான் சரி. தண்ணி செவப்ப முழுங்கிடுது, பெரும்பங்கு அதனாலதான்னு இப்ப சொல்றாங்க.

தோட்டத்துல மொளகு பறிக்க சில்வர் ஓக் மரத்துல மூங்கில் ஏணி சாத்துறோமில்ல? இந்த ‘அது மாதிரி இது’ எல்லாம் அந்த ஏணிதான். எட்டற வரைக்கும் ஏறு. ஏணியிலயே மொளகு காய்க்கும்னு நின்னா?

ராமனுக்கு எட்டுச்சு. எக்ஸ் கதிர் எலக்ட்ரான்ல மோதித் தெம்பு கொறஞ்சு வருதுன்னு 1923-ல காம்ப்டன் காட்டியிருந்தாரு. சாதா வெளிச்சத்துலயும் அப்படி ஒண்ணு இருக்கணுமேன்னு ராமன் தேடினாரு. கூட கே.எஸ்.கிருஷ்ணன், வத்திராயிருப்புக்காரரு. 1928 பிப்ரவரி 28, கல்கத்தா. கெடச்சது காம்ப்டன் சரக்கே இல்ல. வெளிச்சம் அதிர்ற மூலக்கூறோட கொடுக்கல் வாங்கல் பண்ணுது. குடுத்துட்டு வந்தா செவப்புப் பக்கம் நகரும், வாங்கிட்டு வந்தா நீலப் பக்கம். தேடிப் போனது ஒண்ணு, நோபல் வாங்கினது இன்னொண்ணு.

சரி, உன் பனியன்ல அதென்ன படம்? நடுவுல ஒரு குண்டு, சுத்தி முட்டை முட்டையா கோடு. அணுவா? சூரியனச் சுத்தற கோள் கணக்கா எலக்ட்ரான் சுத்துதுன்னு நீல்ஸ் போர் 1913-ல சாத்தின ஏணியாச்சே அது. அப்படிச் சுத்தினா வெளிச்சத்த வாரி எறைச்சிட்டு உள்ள விழுந்திருக்கணும். அவருக்கும் தெரியும். ‘விழாது’ன்னு கட்டளை போட்டுத்தான் நிறுத்தி வெச்சாரு. 1926-ல ஷ்ரோடிங்கர் சமன்பாடு வந்ததும் அந்தப் பாதையே இல்லன்னு ஆயிருச்சு. நூறு வருசம் ஓடிப்போச்சு. பனியன் கடைக்காரனுக்கு யாரும் தாக்கல் சொல்லலியா?