வெப்பமுள் இயல்

டிராக்டர் டிரைவரின் கண்ணெதிரே உள்ள வட்டங்களுள் வெப்பமானியும் ஒன்று. அதில் பச்சை, சிவப்பு என இரு திணைகள் உண்டு. முள் பச்சையில் நின்றால் உழவு நடக்கிறது என்று பொருள். சிவப்பில் நின்றால் மானி பழுது என்று பொருள். இரண்டாம் பொருளை டிரைவர், ஓனர், நிலத்துக்காரர் ஆகிய மூன்று உரைகாரர்களும் ஒருமனதாக ஏற்கின்றனர். மெக்கானிக் மட்டும் மறுக்கிறார். அவருக்கு இதில் வரும்படி இருப்பதால் அவ்வுரை கொள்ளப்படாது.

சூடு எங்கிருந்து வருகிறது எனின், டீசலின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் வேலையாகிறது. இன்னொரு பங்கு புகைக்குழாய் வழியே போகிறது. மிச்சத்தில் பெரும்பகுதியைத் தண்ணீர் சுமந்துபோய் ரேடியேட்டரில் இறக்க வேண்டும். ஆகவே டிராக்டர் முதன்மையாக ஒரு வெந்நீர் அடுப்பு. உழவு அதன் உபதொழில்.

லாரிக்கு எதிர்க்காற்று உண்டு. நடவுக்குச் சேறடிக்கும்போது ரொட்டவேட்டரோடு ஊர்ந்து செல்லும் டிராக்டருக்கு ஃபேன் தருவதே காற்று. அந்த ஃபேனைச் சுற்றுவது ஒரு பெல்ட். கட்டைவிரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் வாக்கில் அமுங்கலாம். அதற்குமேல் தொங்கினால் ஃபேன் சோம்பும். இதைச் சோதிக்க நேரமில்லை என்பார் டிரைவர். பாட்டுப் பெட்டியின் வயர் தளர்ந்தால் அரை நொடியில் கண்டுபிடிப்பவரும் அவரே.

அடுத்தது பதர் அதிகாரம். அறுப்புக் காலத்தில் பதரும் சுனையும் ரேடியேட்டரின் இடுக்குகளை அடைக்கும். இஞ்சின் பக்கமிருந்து வெளிநோக்கிக் காற்றடித்தால் அவை வந்த வழியே போய்விடும். முன்பக்கமிருந்து அடித்தால் இன்னும் ஆழமாகச் செருகிக்கொள்ளும். பார்வைக்கு மட்டும் பளிச்சென்றிருக்கும். முன்பக்கமிருந்து அடிப்பதே மரபு.

போர் தண்ணீரை ஊற்றி ஊற்றி உள்ளே உப்புப் படிந்தால் சூடு இரும்பைத் தாண்டித் தண்ணீருக்கு வராது. கூலன்ட் பனி பெய்யும் நாட்டுக்கானது, தஞ்சாவூருக்கு எதற்கு என்பாரும் உளர். அது உறைவதைத் தடுப்பதோடு துருவையும் தடுக்கிறது. பாதிக்குப் பாதி கலந்தால் கொதிநிலையும் 106, 107 டிகிரிக்கு ஏறுகிறது. ரேடியேட்டர் மூடியின் வேலை இதனினும் நுட்பமானது. உள்ளே ஒரு வளிமண்டல அழுத்தத்தைக் கூடுதலாகப் பிடித்து வைத்தால் வெறும் தண்ணீர்கூட 120 டிகிரி வரை கொதிக்காது. ரப்பர் போன மூடியைக் கழற்றிவிட்டுச் சாக்குத்துணி செருகுவோர் அந்த 20 டிகிரியை வயலுக்குத் தானமாகக் கொடுத்தவராவர். காற்றால் குளிரும் பழைய ஐச்சர் வைத்திருப்போர் இப்பத்தியைத் தாண்டிப் போகலாம். பதர் அதிகாரத்தைத் தாண்டலாகாது.

தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறிந்தால் சூடே ஏறாது என்பது ஒரு பழைய கொள்கை. ஏறாதுதான். 80 டிகிரியை ஒட்டித் திறக்க வேண்டிய அந்தக் கதவு இல்லாவிட்டால் இஞ்சின் தன் வேலைச் சூட்டுக்கு வரவே நேரம் பிடிக்கும். டீசலும் குடிக்கும், சிலிண்டரும் தேயும்.

இயலில் மிகவும் ஐயத்துக்கிடமான இடம் ஒன்று உண்டு. சிவப்பைத் தொட்ட முள் சிலபோது தானாகவே பச்சைக்கு இறங்கும். டிரைவர் மகிழ்வார். சென்சார் தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் உண்மை சொல்லும். தண்ணீர் வற்றி அது வெறுங்காற்றில் நின்றால் குறைத்தே காட்டும். அடுத்த சால் முடிவதற்குள் ஹெட் கேஸ்கட் போய், இஞ்சின் ஆயில் பால் கலந்த காப்பி நிறத்துக்கு வந்திருக்கும்.

முள் ஏறினால் செய்யத்தக்கது: ரொட்டவேட்டரை நிறுத்தி, வேகத்தைக் குறைத்துச் சில நிமிடம் சும்மா ஓடவிடுதல். பெல்ட் அறுந்திருந்தாலோ தண்ணீர் ஒழுகிப் போயிருந்தாலோ உடனே அணைத்தல். சூட்டோடு மூடியைத் திறவாமை. கொதிநீர் முகத்துக்கே வரும். வாய்க்கால் தண்ணீரை வாளியோடு கவிழ்க்காமை, ஹெட் வெடிக்கும். ஆறியபின் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுதல். இதற்கு அரைமணிக்குக் குறையாமல் ஆகும். வாடகை மணிக்கணக்கில் ஓடுவதால், இந்த அரைமணி யார் கணக்கில் சேரும் என்று ஓனரும் நிலத்துக்காரரும் வரப்பில் நின்று நடத்தும் வாதம் இவ்வியலின் எல்லைக்கு அப்பாற்பட்டது.