சூரியனுக்கு எந்தக் கல்?

அரியர்ஸ் பணம் வந்ததும் எனக்கே எனக்கென்று ஒரு பழைய கல் மோதிரம் வாங்குவது என்று முடிவு செய்தேன். புது நகை வாங்கினால் சேமிப்பு, பழைய நகையை விற்றால் அவசரம். காசைக் கொடுத்துப் பழைய நகை வாங்குவது எங்கள் வீட்டில் எந்தக் கணக்கிலும் வராது.

மதுரை தெற்காவணி மூல வீதியை ஒட்டிய சந்தில் ஒரு பத்தர். தகர டப்பாவிலிருந்து அவர் எடுத்துக் கொடுத்த மோதிரத்தின் அடிவளையம் தேய்ந்து நூலாகியிருந்தது. யாரோ ஒரு மகராசி அதைக் கழற்றாமலே எத்தனை காலம் புளி கரைத்தாளோ! கல்லைச் சுற்றிய இடுக்கில் மஞ்சள் கூட அப்பியிருந்தது. ஹால்மார்க் எல்லாம் கிடையாது. உரைகல்லில் இழுத்துப் பார்த்து மாற்று சொன்னார். பிறகு லென்ஸை என்னிடம் நீட்டினார்.

"மெஷின் கல்லும்மா. உள்ளே கோடு வளைஞ்சு போகுது பாருங்க. நெசக் கல்லுல நேராத்தான் ஓடும்."

பார்த்தேன். இசைத்தட்டின் வரிகளைப் போல மெல்லிய வளைவுகள். 1902இல் வெர்னுய் என்ற பிரெஞ்சு வேதியியலாளர், பொடியைத் தீச்சுவாலையில் தூவி உருக்கி மாணிக்கம் வளர்க்கும் வித்தையை உலகுக்குச் சொல்லிவிட்டார். ஆக, என் கையிலிருந்தது புராதனமான போலி. போலிக்கும் வயசாகிவிட்டால் ஒரு மரியாதை வந்துவிடுகிறது, சில அரசியல்வாதிகளைப் பார்க்கவில்லையா? வாங்கிவிட்டேன்.

வீட்டில் அத்தை கேட்ட முதல் கேள்வி: "எந்த ராசிக்கு?"

"எனக்குப் பிடிச்சிருக்கு அத்தை."

"அப்படி ஒரு ராசி இல்லையே."

நீலக்கல் வாங்கினால் தலையணைக்கடியில் வைத்து, கெட்ட கனவு வருகிறதா என்று காவல் காக்கிற குடும்பம் இது. குடும்ப ஜோசியரும் வந்தார். மாணிக்கம் சூரியனுக்கு உண்டானது, ஆனால் செயற்கைக் கல்லுக்குச் சக்தி கிடையாது என்றார். பூமிக்குள் வெந்தாலும் பட்டறையில் வெந்தாலும் சரக்கு ஒன்றுதான், அலுமினியம் ஆக்சைடில் துளி குரோமியம் என்று விளக்கினேன். ஜோசியர் காபியில் கவனமாக இருந்தார்.

விடவில்லை. பிரிட்டிஷ் மணிமுடியின் நெற்றியில் 'கறுப்பு இளவரசரின் மாணிக்கம்' என்று பெரிய சிவப்புக் கல் இருக்கிறது. அது மாணிக்கமே இல்லை, ஸ்பினல் என்கிற வேறு கல். "சூரியன் அஸ்தமிக்காத சாம்ராஜ்யமே மாணிக்கம்னு நம்பி வேற கல்லைத்தான் தலையில வெச்சிருந்தது, தெரியுமா?" என்றேன்.

அத்தை மோதிரத்தை ஒருமுறை திருப்பிப் பார்த்தார்.

"அதான் அஸ்தமிச்சுப் போச்சு" என்றார்.