குட்டைப் பிரேமும் குறையாத தாகமும்

சைக்கிள் செய்கிறவர்கள் ஐந்தடி இரண்டங்குலக்காரர்களிடம் நிறையவே கருணை காட்டியிருக்கிறார்கள். பிரேமைச் சுருக்கினார்கள். ஹேண்டில்பாரைக் கைக்குக் கிட்டே கொண்டுவந்தார்கள். காலைத் தூக்கிப் போடும்போது மானம் போகாமலிருக்க, மேலே ஓடும் பார் கம்பியையும் சரித்துவிட்டார்கள். தண்ணீர் பாட்டிலை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள். உயரம் குறைந்தால் தாகமும் குறையும் என்று கணக்குப் போட்டார்களோ என்னவோ, நான் அறிந்த குள்ளர்கள் எல்லோரும் சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் காலி செய்கிறவர்கள்.

பாட்டில் வைப்பதற்கென்று சைக்கிளில் இருக்கும் இடம் நடுவிலுள்ள முக்கோணம். சீட்டிலிருந்து இறங்கும் குழாய், ஹேண்டிலிலிருந்து சாய்ந்து வரும் குழாய், மேலே பார். நெட்டையர்களின் பிரேமில் அங்கே குடித்தனமே நடத்தலாம். என்னுடைய பதினைந்து அங்குலப் பிரேமில் அது பஸ் ஸ்டாண்டு லாட்ஜின் பாத்ரூம்: உள்ளே போகலாம், திரும்ப முடியாது. ஒரு லிட்டர் பாட்டில் ஓரடிக்குக் கொஞ்சம்தான் குறைவு. அதை மேலே உருவ வேண்டுமென்றால் அதன் தலைக்கு மேல் காலி இடம் வேண்டும். என் சைக்கிளில் அந்த இடத்தில் பார் கம்பி இருக்கிறது.

இத்தனைக்கும் பாட்டில் ஹோல்டரை மாட்டும் துளைகளில் குறை சொல்ல முடியாது. சாய்ந்த குழாயில் இரண்டு துளை, நடுவே 64 மில்லிமீட்டர். போல்ட்டு ஐந்து மில்லிமீட்டர், பெரும்பாலும் நாலாம் நம்பர் எல்-கீயில் கழற்றலாம். இத்தாலியில் செய்த ஹோல்டர் லூதியானாவில் செய்த சைக்கிளில் உட்காரும். சாலையின் எந்தப் பக்கம் வண்டி ஓட்டுவது என்பதில்கூட ஒத்துப்போகாத நாடுகள் இதில் ஒத்துப்போயிருக்கின்றன. 1990-ல் நடுவர் மன்றம், 2007-ல் இறுதித் தீர்ப்பு, 2018-ல் உச்ச நீதிமன்றம் என்று இழுத்த காவிரி விவகாரத்தை இந்தத் துளைக்கு அளவு வைத்த ஆட்களிடம் விட்டிருந்தால் ஒரே மத்தியானத்தில் துளை போட்டு, நட்டை முடுக்கி, கையைத் துடைத்துக்கொண்டு போயிருப்பார்கள்.

எங்கள் தொட்டியத்தில் தண்ணீர் பாட்டிலோடு கிளம்புகிறவனை ஊர் ஒரு மாதிரியாகத்தான் பார்க்கும். தெற்கே காவிரி. ரோட்டோரம் வாய்க்கால். வாழை, வெற்றிலைக் கொடிக்கால், கோரை என்று தண்ணீரைக் குடித்தே வளர்ந்த வெள்ளாமை. "தண்ணிக்கு நடுவுலயே போறீங்க, தண்ணி எதுக்கு சார்?" என்றார் டீக்கடைக்காரர். நியாயமான கேள்விதான். ஆனால் சீலைப்பிள்ளையார்புத்தூர் தாண்டி மாயனூர் கதவணையில் ஏறினால் பதில் கிடைக்கும். ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளம், நிழலுக்கு ஒரு முருங்கைகூடக் கிடையாது. காலுக்குக் கீழே காவிரி தேங்கிக் கிடக்கும். பார்க்கலாம், குடிக்க முடியாது. திருச்சிப் பக்கம் இதே ஆற்றில் எடுக்கிற தண்ணீர் குழாய் வழியே ராமநாதபுரம் வரைக்கும் போய்ச் சேருகிறது. ஸ்ரீரங்கத்தில் ஆனி மாத ஜேஷ்டாபிஷேகத்துக்குத் தங்கக் குடத்தில் தீர்த்தம் எடுத்து யானை மேல் வைத்துக் கொண்டுபோகிறார்கள். நான் கேட்பது ஒரு லிட்டர். யானை வேண்டாம், ஒரு வளையம் போதும்.

சைக்கிள் கடை அண்ணன் வளையம்கூட வேண்டாம் என்றார். பழைய டியூபை நாடா நாடாவாக வெட்டி, பாட்டிலைக் குழாயோடு சேர்த்து இறுக்கிக் கட்டிக் காட்டினார். பிடித்து ஆட்டினேன், அசையவில்லை. "ஜென்மத்துக்கும் விழாது சார்." உண்மைதான். குடிக்க வேண்டுமானால் இறங்கி, வண்டியைப் புளியமரத்தில் சாய்த்து, முடிச்சைப் பல்லால் அவிழ்க்க வேண்டும்.

வீட்டில் வேறு தீர்வு வைத்திருந்தார்கள். "ஏங்க, பிளாஸ்டிக்ல குடிக்காதீங்க, அந்தச் செம்பு பாட்டில் சும்மாதான கிடக்கு." செம்பு உடம்புக்கு நல்லதா என்பதை வைத்தியர்கள் பார்த்துக்கொள்ளட்டும், ஹோல்டருக்கு நல்லதில்லை. சைக்கிள் பாட்டிலின் இடுப்பில் ஒரு பள்ளம் இருக்கும். ஹோல்டரின் நாக்கு அதில்தான் போய்க் கவ்வும். கல்யாண அன்பளிப்பாக வந்த செம்பு பாட்டிலுக்கு இடுப்பே கிடையாது. முதல் வேகத்தடையில் அது என்னை முந்திக்கொண்டு உருண்டது. பின்னால் வாழைத்தார் ஏற்றி வந்த டெம்போக்காரர் பிரேக் அடித்து, இறங்கி, எடுத்துக் கொடுத்துவிட்டு, "விசேஷ வீட்டுக்கா?" என்று கேட்டார்.

வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் பள்ளிக்கூடச் சிநேகிதன்தான் விஷயத்தைப் பெரிதாக யோசித்தான். குனிந்து என் முக்கோணத்தைப் பார்த்தான். "இதுல ஒண்ணும் ஆவாது மாப்ளே. பின்னாடி கேரியர் வச்சு, ரெண்டு பக்கமும் கொக்கி அடிச்சுத் தர்றேன். நாலு கொடம் நிக்கும்."

கேலி இல்லை, அக்கறையோடுதான் சொன்னான். தமிழ்நாட்டுச் சைக்கிள் தண்ணீர் சுமந்த விதமே அதுதான். குடத்துக்குப் பதினைந்து லிட்டர் என்று வைத்தாலும் நாலு குடம் அறுபது கிலோ. அதைக் கோடையில் மிதித்துக்கொண்டு வந்த தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. பக்கத்துப் புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தில் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள் ஆயிரக்கணக்கான பெண்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளை எடுத்தார்கள். சிலருக்கு அதுவே பிடித்தும் போனது, பார் கம்பியில் பிள்ளையை உட்காரவைக்கலாமே. பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதை எழுதியிருக்கிறார். என் பாட்டிலுக்கு முட்டுக்கட்டையாக இருக்கும் அதே பார்! முன்னால் பிள்ளை, பின்னால் குடம். அந்தப் பெண்களில் ஒருவரும் 64 மில்லிமீட்டரைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தகவல் இல்லை. பங்குனியில் மதுரகாளியம்மன் தேரையே தோளில் தூக்குகிற ஊரில் நான் ஒரு பாட்டிலைத் தூக்க முடியாமல் அலைந்துகொண்டிருந்தேன்.

ஹேண்டில்பாரில் தொங்கவிடலாமே என்பவர்களுக்கு: விடலாம். பால்காரர்கள் காலங்காலமாக விடுகிறார்கள். இரண்டாம் உலகப் போருக்கு முன்பு டூர் தெ பிரான்ஸ் வீரர்களே தக்கை போட்ட உலோகப் பாட்டில்களை ஹேண்டிலுக்கு முன்னால்தான் வைத்திருந்தார்கள். ஆனால் முன்சக்கரத்துக்கு மேல் ஒரு கிலோ ஏறிவிட்டால் ஹேண்டிலுக்குச் சொந்த அபிப்பிராயம் வந்துவிடுகிறது. அந்தப் பந்தயத்தில் 1952-ல் எடுத்த படம் ஒன்று பிரசித்தம். ஜென்ம எதிரிகளான இத்தாலிய வீரர்கள் கோப்பியும் பார்த்தாலியும் மலை ஏறிக்கொண்டே ஒரு பாட்டிலைக் கைமாற்றுகிறார்கள். யார் யாருக்குக் கொடுத்தது என்று இத்தாலிக்காரர்கள் பல காலம் அடித்துக்கொண்டார்கள். எங்கேயிருந்து உருவினார், உருவும்போது எங்கேயாவது இடித்ததா என்று ஒரு ஜீவன் கேட்கவில்லை.

கடைசியில் திருச்சியில் ஒரு கடை. கண்ணாடி அலமாரியில் நகை வைத்த மாதிரி ஹோல்டர்கள். கார்பனில் ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார் கடைப் பையன். "முப்பது கிராம்தான் சார்." விலையைக் கேட்டேன். எத்தனை பூவன் தார் என்று மனசு தானாகக் கணக்குப் போட்டது. காலையில் தின்ற பொங்கலில் நெய் மட்டுமே முப்பது கிராம் இருக்கும். அடுத்தது, குழாயின் அடிப்பக்கத்தில் மாட்டுவது. இடம் தாராளம்தான், ஆனால் முன்சக்கரம் அள்ளித் தெளிப்பதெல்லாம் பாட்டிலின் வாயில். ஆட்டுமந்தை போகிற ரோட்டில் அதைப் பற்றி மேலும் விவரிக்க வேண்டாம். ஹோல்டரை இரண்டங்குலம் கீழே இறக்கும் பட்டை ஒன்றும் இருந்தது. அதைப் போட்டால் பாட்டில் பார் கம்பியைத் தப்பித்து, பெடலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது.

பிறகுதான் பக்கவாட்டில் திறக்கும் ஹோல்டரைக் காட்டினார். பாட்டிலை மேலே உருவ வேண்டாம், பக்கமாகச் சாய்த்து இழுத்தால் வந்துவிடும். குட்டைப் பிரேமுக்கென்றே யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். முகம் தெரியாத அந்த ஆள் நிச்சயம் ஐந்தடி இரண்டங்குலம். "லெஃப்ட்டா ரைட்டா சார்?" என்றார் பையன். இதற்குப் பதில் சொல்ல எனக்குக் கால் மணி நேரம் ஆனது. நம் ஊர்ச் சைக்கிளில் பொதுவாக வலக்கைப் பிரேக் முன்சக்கரத்துக்கு, இடக்கைப் பிரேக் பின்சக்கரத்துக்கு. இடக்கையால் பாட்டிலை எடுத்தால் மிச்சமிருப்பது முன் பிரேக். திடீரென்று நாய் குறுக்கே வந்தால் தண்ணீர் வாயிலும் வாய் ரோட்டிலும். ஆகவே வலது. வலது என்றால் முசிறி பஸ் உரசிப் போகிற பக்கம் முழங்கையை நீட்ட வேண்டும். நாயா பஸ்ஸா என்று பார்த்தேன். பஸ் ஹாரனாவது அடிக்கும். வலது.

ஒரு லிட்டர் பாட்டிலுக்கு அப்போதும் இடமில்லை. அறுநூறு மில்லி நின்றது, உராயாமல், சத்தம் போடாமல். பிடித்தது ஸ்டீல் ஹோல்டர்தான். வளைந்தால் வெல்டிங் சிநேகிதனுக்கும் ஒரு வேலை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கதவணையின் நடுவில், இடக்கையில் ஹேண்டிலைப் பிடித்தபடி, கீழே பார்க்காமல், வலக்கையால் பாட்டிலை உருவினேன். கோப்பி பார்த்திருந்தால் கை தட்டியிருப்பார். பார்த்தது, எதிரே பழைய இருபத்திரண்டு அங்குல ஹெர்குலஸில் கேரியர் நிறையக் கோரைக் கட்டோடு வந்த பெரியவர். வண்டியை நிறுத்திக் கையை நீட்டினார். கொடுத்தேன். அண்ணாந்து, உதட்டில் படாமல், ஒரே மூச்சில் முடித்தார். மூடியைத் திருகி, ஹோல்டரை இப்படியும் அப்படியும் பார்த்து, சரியாகப் பக்கவாட்டிலேயே சொருகினார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஆறடி ஆள்.

"இன்னும் கொஞ்சம் பெரிய பாட்டிலா வச்சுக்கக் கூடாதா தம்பி?"