கிழமை பார்த்துக் கிளம்பவும்

பிள்ளைகளுக்குத் தலைநகரைச் சுற்றிக்காட்ட நினைப்பவர்கள் முதலில் காலண்டரைக் கிழிக்காமல் பார்க்கவேண்டும். கிண்டி சிறுவர் பூங்காவுக்குச் செவ்வாய் விடுமுறை. 1851இல் தொடங்கிய எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளி. அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்துக்கு ஞாயிறு. கபாலீசுவரர் தினமும் உண்டுதான். ஆனால் நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள், வெளியூர்க் குடும்பங்கள் மயிலாப்பூரில் இறங்குவதும் சரியாக அப்போதுதான்.

அடையாறு ஆலமரத்தைப் பார்த்தே ஆகவேண்டும் என்று எந்தக் குடும்பத்திலும் ஒரு மாமா பிடிவாதம் பிடிப்பார். தாய்மரம் 1989லேயே காற்றில் சாய்ந்துவிட்டது, மிச்சம் இருப்பது விழுதுகள் என்பதை அங்கே போன பிறகுதான் சொல்வார். பிள்ளைகள் கேட்டதென்னவோ மெரினாவும் பஞ்சுமிட்டாயும்.

எந்தக் கிழமை கிளம்பினாலும் திட்டம் போய் முடிகிற இடம் தியாகராய நகர் ரங்கநாதன் தெரு. அங்கே பிள்ளைகளின் உயரத்துக்குத் தெரிவது அடுத்தவர் கையிலுள்ள துணிப்பைகள் மட்டும்.