கிருமிக்குள் கையெழுத்து

விஞ்ஞானி கிரெய்க் வென்டர் என்றதும் வெள்ளைக் கோட்டு, டெஸ்ட் டியூப், கனிவான புன்னகை என்றெல்லாம் கற்பனை செய்துகொண்டால் அதை உடனே கலைத்துவிடுங்கள். மனுஷன் இளமையில் செய்த ஒரே தீவிரமான ஆராய்ச்சி, கலிஃபோர்னியா கடற்கரையில் எந்த அலை பெரிசு என்பது. பள்ளிக்கூடத்தில் மார்க்? அந்தப் பேச்சை விட்டுவிடுவோம்!

ராணுவம் கூப்பிட்டது. கடற்படையில் சேர்ந்து, வியட்நாமில் டா நாங் ஆஸ்பத்திரியில் மருத்துவ உதவியாளர் வேலை. தன் வயசுப் பையன்கள் கண்ணெதிரே செத்துப்போவதைப் பார்த்தவருக்கு விளையாட்டுத்தனம் போய்விட்டது. ஊர் திரும்பி, வெறியோடு படித்து, 1975-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். அடக்கத்துக்கு மட்டும் யாரும் பட்டம் தரவில்லை போலிருக்கிறது.

மனித ஜீனோமை, அதாவது நம் டி.என்.ஏ.வில் உள்ள எழுத்துகள் அத்தனையையும், படிக்க அமெரிக்க அரசு 1990-ல் பதினைந்து வருஷத் திட்டம் போட்டிருந்தது. நிதானமாக வேலை நடந்துகொண்டிருந்தபோது, 1998-ல் நம் ஆள் தனிக் கம்பெனியோடு குறுக்கே வந்து குதித்தார். மனுஷனை நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் வேண்டுமானால் எலியைப் படியுங்களேன் என்று அரசாங்க விஞ்ஞானிகளுக்கு யோசனை வேறு! அவர்கள் எப்படி முகம் சிவந்திருப்பார்கள் என்று சொல்லவேண்டுமா?

கடைசியில் சமரசம். 2000 ஜூன் 26, வெள்ளை மாளிகை. நடுவில் அதிபர் கிளின்டன், கூடவே அரசுத் தரப்புத் தலைவர் ஃபிரான்சிஸ் காலின்ஸும் வென்டரும். ஒரே கைதட்டல். ‘முடிந்தது’ என்று கொண்டாடிய அந்த ஜீனோமில் ஏகப்பட்ட ஓட்டைகள். அவற்றை முழுசாக அடைக்க இன்னும் இருபது வருஷத்துக்கு மேல் பிடித்தது!

அது போகட்டும். வென்டரின் கம்பெனி படித்தது யாருடைய ஜீனோம்? பெயர் சொல்லாத ஐந்து பேருடையது என்றார்கள். 2002-ல் கம்பெனி அவரை வெளியே அனுப்பியது. அதே வருஷம் ஐயா குட்டை உடைத்தார்: ஐவரில் ஒருவர் அவரே. அதிலும் பெரும்பகுதி அவருடையதுதானாம்! மனித குலத்தைப் படிக்கிறேன் என்று சொல்லி, மனுஷன் தன்னையே படித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அடுத்த வருஷம் ஒரு நாயின் ஜீனோம் வெளியானது. ஷேடோ என்ற பூடில். யாருடைய நாய் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

சும்மா சொல்லக்கூடாது, இந்த அலட்டலுக்கு அடியில் அசல் சரக்கு இருந்தது. தனியாக வாழக்கூடிய ஓர் உயிரின் முழு ஜீனோமை உலகிலேயே முதலில் படித்தது, 1995-ல், இவரும் நோபல் பரிசு பெற்ற ஹாமில்டன் ஸ்மித்தும் நடத்திய குழுதான். சொந்தப் பாய்மரப் படகில் சார்காசோ கடலுக்குப் போய், தண்ணீரை மொண்டு வடிகட்டி, அதிலிருந்த நுண்ணுயிர்களில் 12 லட்சம் புது ஜீன்களைக் கண்டுபிடித்தார். ஜாலியாகப் படகு ஓட்டிவிட்டு அதை ஆராய்ச்சிக் கட்டுரையாக்கவும் ஒரு சாமர்த்தியம் வேண்டும்.

ஆனால் படிப்பது போரடித்துவிட்டது. எழுதிப் பார்க்க ஆசை வந்தது!

ஆடுகளைத் தாக்கும் ஒரு கிருமியின் ஜீனோமை எடுத்துக்கொண்டார்கள். சுமார் 10 லட்சத்து 80 ஆயிரம் எழுத்துகள். கம்ப்யூட்டரில் பார்த்து, அதை ஆயிரத்துச் சொச்சம் துண்டுகளாகக் கெமிக்கலில் செய்து, ரொட்டியை உப்பவைக்கும் அதே ஈஸ்ட்டுக்குள் போட்டு ஒட்டவைத்தார்கள். பிறகு அதை வேறொரு கிருமியின் செல்லுக்குள் செலுத்தினால்... ம்ஹூம், அசையவில்லை. தேடித்தேடிப் பார்த்தால், ஒரு முக்கியமான ஜீனில் ஒரே ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது. அந்த ஒற்றை எழுத்து வாரக்கணக்கில் தண்ணி காட்டிவிட்டது!

2010 மே மாதம் ஜெயித்தார்கள். தட்டில் நீல நிறத்தில் கிருமிக் கூட்டம் வளர்ந்தது. கம்ப்யூட்டரைப் பெற்றோராகக் கொண்ட முதல் உயிர் என்று வென்டர் முழங்க, இதை ஆராய்ந்து சொல்லுங்கள் என்று அதிபர் ஒபாமா அறநெறிக் குழுவை ஏவினார். கடவுளுக்கே போட்டியா என்று உலகம் அலறியது. ஜீனோம் மட்டும்தான் இவர்கள் தயாரிப்பு, செல் ஏற்கெனவே உயிரோடிருந்த இன்னொரு கிருமியுடையது என்ற விவரம் அந்த இரைச்சலில் பலர் காதில் விழவில்லை.

இனிமேல்தான் விசேஷம். கல்யாணச் சீர் எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டுவோமே, அதுமாதிரி அந்த டி.என்.ஏ.வுக்குள் சங்கேத எழுத்தில் 46 பேரின் பெயர்கள், ஒரு ஈமெயில் முகவரி, மூன்று பெரிய மனிதர்களின் பொன்மொழிகள் எல்லாவற்றையும் பொறித்துவிட்டார்கள். கிருமி ஒவ்வொரு தடவை இரண்டாகும்போதும் அத்தனை பெயரும் காப்பி ஆகும். இப்படியொரு விளம்பரம் எந்த அரசியல்வாதிக்குக் கிடைக்கும்?

பொன்மொழிகளில் ஒன்று நாவலாசிரியர் ஜேம்ஸ் ஜாய்ஸுடையது. அவர் 1941-லேயே காலமாகிவிட்டார். வாரிசுகள் விடுவார்களா? அனுமதியில்லாமல் எப்படிப் போடலாம் என்று கடிதம் வந்ததாக வென்டரே சொன்னார். காப்பிரைட் தகராறில் மாட்டிய முதல் கிருமி!

இன்னொன்று இயற்பியல் மேதை ஃபெய்ன்மன் சொன்னது. இன்டர்நெட்டில் தேடி எடுத்தது. அவர் பணியாற்றிய கால்டெக்கிலிருந்து ஒரு போட்டோ வந்தது: அவரே கரும்பலகையில் எழுதிய அசல் வாசகம். கிருமிக்குள் இருப்பது தப்பு! ஜீனில் ஒரு எழுத்து விட்டதற்கு வாரக்கணக்கில் மல்லாடிய மகானுபாவர்கள், மேற்கோளைச் சரிபார்க்க ஐந்து நிமிஷம் ஒதுக்கவில்லை. கிருமியின் டி.என்.ஏ.வையே திருத்தப்போவதாக வென்டர் அறிவித்தார். பிழைதிருத்தம் போட்டுக்கொண்ட உயிர் வேறு எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை.

2016-ல் இவருடைய குழு இன்னும் சிக்கனமான கிருமி ஒன்றைச் செய்தது. உயிர் வாழவும் ஒழுங்காக வளரவும் தேவையில்லாததையெல்லாம் வெட்டி எறிந்தபின் மிஞ்சியவை 473 ஜீன்கள். அவற்றில் 149 ஜீன்கள் என்ன வேலை செய்கின்றன என்பது அப்போது, செய்தவர்களுக்கே தெரியாது.